வம்சவரலாறும் பதிவேட்டின் பத்திகளும்

சிறையிருப்பினின்று திரும்பியவர்களின் அட்டவணையைத் தரும் எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்தில், தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் கண்டடையாத ஆசாரியக் குடும்பங்கள் சில குறிக்கப்படுகின்றன. ஏட்டில் பெயர் இல்லாமையால் அவர்கள் ஊழியத்தினின்று விலக்கப்பட்டார்கள். பெயர்கள் நிறைந்த இவ்வதிகாரத்தை நாம் பெரும்பாலும் விரைவாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஆனால் ஏட்டில் உள்ளவனே உள்ளவன் என்னும் நிலை எஸ்றாவின் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

பழைய ஆவணங்களை இணையத்தில் கட்டணமின்றித் தேடிக் குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் இன்று நம் சபைகளிலும் தலைகாட்டுகிறது. அதற்கான வாய்ப்புகள் சிறியன அல்ல. ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனங்கள், 1710 முதல் 1772 வரை அச்சான தரங்கம்பாடி மிஷன் அறிக்கைகளை எவரும் வாசிக்கும்படி இணையத்தில் வைத்துள்ளன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய குறிப்புகளை 1998இல் தோன்றிய ஃபிபிஸ் என்னும் சங்கம் தொகுத்து வருகிறது. இவையனைத்திலும் பெரியது மார்மன் சபையாரின் ஃபேமிலிசர்ச். 1894இல் யூட்டாவில் அவர்கள் நிறுவிய வம்சவரலாற்றுச் சங்கத்தின் வழிவந்த இது, 1999 முதல் இணையத்தில் இயங்கி வருகிறது. மரித்தோருக்காக ஞானஸ்நானம் பெறும் அவர்களது வழக்கமே இப்பெரும் உழைப்புக்கு மூலகாரணம். 1 கொரிந்தியர் 15:29க்கு அவர்கள் கொள்ளும் பொருள் நமக்கு உடன்பாடன்று. இது காரணமாகவே 2008இல் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளை அச்சங்கத்துக்குப் படமெடுக்கக் கொடுக்கலாகாது என்று ஆயர் பேரவைகளுக்கு எழுதியது. உழைப்பின் பயனை நாம் மறுக்கவில்லை. எந்த அட்டவணையையும் யார், எதற்காக வகுத்தார் என்று கேட்டே வாசிக்க வேண்டும் என்கிறோம்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியிலுள்ள கண்டாச்சிபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பமொன்று தன் முன்னோரைத் தேடப் புகுகிறது என்று கொள்வோம். முதல் தடை ஊரின் முகவரியே. விழுப்புரம் மாவட்டம் 1993இல் பிறந்தது. பழைய ஆவணங்கள் தென்னார்க்காட்டையும் திருக்கோவிலூர் வட்டத்தையுமே அறியும். அண்டை ஊரான திருவண்ணாமலையை ஆங்கிலேய எழுத்தர் 'திரினோமலி' என்று எழுதினார் எனின், சிற்றூர்ப் பெயர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. அடுத்த தடை ஆட்பெயர். தேடும் படிவம் குடும்பப் பெயர் ஒன்றைக் கேட்கிறது; நமக்கோ தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்பது. ஆகவே தந்தையும் மகனும் பேரனும் மூன்று வேறு 'குடும்பங்களாக'ச் சிதறிப்போகின்றனர். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருந்தால் இழை அங்கேயே அறுந்துவிடும்.

சென்னை மாகாணக் குருமார் இலண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பிரதிகள் பெரும்பாலும் ஐரோப்பியரையும் கலப்பினத்தாரையும் பற்றியவை. இங்கிலாந்தில் 1841 முதற்கொண்டு குடிமதிப்புத் தாள்களை வீடுவீடாகப் பெயருடன் காணலாம். இந்தியக் குடிமதிப்பிலோ தொகைகள் எஞ்சின. ஆட்களின் பெயர்த்தாள்கள் எஞ்சவில்லை.

திண்டிவனத்தை எண்ணிப் பார்ப்போம். 1890களில் ஓர் இரவில், பேறுகாலத் துன்பத்திலிருந்த மூன்று இளம்பெண்களுக்கு உதவி வேண்டி அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் வீட்டுக் கதவை மூவர் அடுத்தடுத்துத் தட்டினர். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை; மருத்துவரின் மகளோ மருத்துவம் கற்றவரல்லர். பெண்கள் மூவரும் மரித்தனர். அம்மகளே வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர். அவர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்ததையும் அவருடைய பாட்டனார் மிஷனெரியாகக் கப்பலேறியதையும் இன்று சில நிமிடங்களில் கண்டறியலாம். அம்மூவரையும் நாம் ஒரு பார்ப்பனப் பெண், ஒரு முகமதியப் பெண், ஓர் உயர்சாதி இந்துப் பெண் என்றே பிரசங்கங்களில் குறிக்கிறோம், பெயர் சொல்வதில்லை. இவ்வரலாற்றைப் பலமுறை எடுத்துரைத்த நமக்கே இக்குறை வெகுநாள் தென்படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, சாதிப் பத்தி. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற ஏறத்தாழ 1,52,000 இந்தியரின் கப்பற்பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, ஊர் எனப் பத்திகள் உள்ளன. தென்னார்க்காட்டு ஏழை ஒருவனின் ஊரும் தந்தை பெயரும் ஒருங்கே எழுதப்பட்ட ஏடு வேறு அரிது. அவனை உடலுழைப்பாக மட்டுமே மதித்தவர்கள் அதை எழுதிவைத்தார்கள். அப்பட்டியல்களில் சிலருக்குச் சாதிப் பத்தியில் 'கிறிஸ்தவர்' என்றே எழுதப்பட்டுள்ளது. எழுத்தர் சோம்பலால் எழுதினாரோ, பயணியே அவ்வாறு சொன்னாரோ! அதே நூற்றாண்டில் பல மிஷன் பதிவேடுகள் ஞானஸ்நானம் பெற்றவரின் சாதியைத் தவறாமல் குறித்தன. சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் சங்கத்தினின்று அதன்பொருட்டே பிரிந்தவர் கார்ல் ஓக்ஸ். அவர் பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணியிலிருந்தே தென்னார்க்காட்டில் தேனிய மிஷன் வளர்ந்தது. கண்டாச்சிபுரத்தார் தங்கள் மூதாதையரைத் தேடிச் செல்லும் ஏடுகளின் பின்னே இந்தப் பூசலும் இருக்கிறது.

அப்பத்தியை மறைத்துவிடலாம் என்போர் உளர். நாம் இதற்கு இசையவில்லை. மத்தேயு தம் அட்டவணையில் தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் மறைக்கவில்லை. ஒடுக்கப்பட்டோரின் குடும்பத்துக்கு அவ்வரியே முன்னோரைப் பற்றிய ஒரே எழுத்தாகவும் இருக்கலாம். எனினும் வரன் பார்ப்போர் சாதி விசாரிக்க இவ்வேடுகளைப் புரட்டுவதற்கும் இதுவே வழியாகும். தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் கண்டிக்கும் முடிவற்ற வம்சவரலாறு நம்மிடையே இவ்வடிவில்தான் உயிரோடிருக்கிறது.

இதனினும் கடியதொன்று உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிய தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்று கோரிய வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றிருந்ததும், பெற்றோரின் திருமணம் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி பதிவாகியிருந்ததும் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டன. நம் ஆயர்கள் கையொப்பமிடும் ஏடுகள் அத்தகையவையே.

ஆகவே பதிவேடுகளை ஒட்டுமொத்தமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று உற்சாகத்தோடு வரும் இளைஞருக்கு ஆயர் உடனே இசைந்துவிடலாகாது. கரையான் அரிக்குமுன் எல்லா ஏடுகளையும் படமெடுத்துச் சபையின் பொறுப்பில் வைக்கட்டும். நூறாண்டு கடந்தவற்றை ஒரு வரியும் நீக்காமல் வெளியிடட்டும். உயிரோடிருப்பவரின் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அவரவர் கேட்டால் அவரவர்க்கு மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். அப்படி எழுதும்போது சாதிப் பத்தியையும் சேர்த்து எழுதுவதா என்பதைக் கேட்பவரே சொல்லட்டும்.