விமர்சகர்களை முந்திக்கொண்ட இருவர்

ஒரு ராக் குழுவைப் பாராட்டும் முன், அதை எந்த வகையில் சேர்ப்பது என்று விமர்சகர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பாஸ்டன் நகரத்து ‘டிரெஸ்டன் டால்ஸ்’ அந்தச் சிரமத்தை அவர்களுக்கு வைக்கவில்லை. பத்திரிகைகள் ‘காதிக்’ என்று முத்திரை குத்திவிடுமோ என்ற பயத்தில், குழுவின் பாடகி அமாண்டா பால்மரே தங்கள் இசைக்கு ‘பிரெக்டிய பங்க் காபரே’ என்று பெயர் வைத்துவிட்டார். எழுத வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தந்திரம்தான், ஆனால் கச்சிதமான தந்திரம்.

மேடையில் இரண்டே பேர். வெள்ளை பூசிய முகத்தோடு பால்மர் பியானோவை டிரம்ஸ் போல அடிப்பார். பிரையன் விக்லியோனியோ டிரம்ஸ் வாசித்தபடியே முகத்தாலும் தோளாலும் ஊமை நாடகம் ஆடுவார். பாடகியைப் புகழ்ந்தே பக்கங்கள் நிரம்பின. என் கண் என்னவோ விக்லியோனி மேல்தான். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்கிற டிரம்ஸ்காரர் ராக் இசையில் அபூர்வம்.

முதல் ஸ்டூடியோ ஆல்பத்தை 2003-இல் சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அதை மறுவெளியீடு செய்தது ரோட்ரன்னர், ஹெவி மெட்டலுக்குப் பேர்போன நிறுவனம்! 2006-இல் அமெரிக்கன் ரெபர்ட்டரி தியேட்டரோடு சேர்ந்து ‘தி ஆனியன் செல்லர்’ என்ற நாடகமே போட்டார்கள்.

ரசிகர்களும் வேஷம் கட்டி வந்து அரங்கில் வித்தை காட்டினார்கள். பாவம், விமர்சகர் மேடையைப் பார்ப்பாரா, கூட்டத்தைப் பார்ப்பாரா?