உருகுதலும் திரும்புதலும்

திருவாசகத்துக்கு உருகாதவர் வேறு எந்த வாசகத்துக்கும் உருகமாட்டார் என்பது தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். 2005ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சென்னை மியூசிக் அகாதெமியில் இளையராஜாவின் 'திருவாசகம்' இசைத்தட்டு வெளியிடப்பட்டபின், அச்சொல்லுக்குப் புதியதொரு வட்டம் ஏற்பட்டது. சிவன் கோயில் வாயிலை மிதியாதவரும், மாணிக்கவாசகர் பெயரைப் பள்ளிப் பாடத்தோடு மறந்தவரும், நம்மைப் போன்ற கிறிஸ்தவரும் உருகத் தொடங்கினர். அவ்விசைத்தட்டின் ஆறு பாடல்களுள் பலர் நெஞ்சில் ஆழத் தங்கிவிட்டது, ஏறத்தாழ இருபது நிமிடம் ஒலிக்கும் 'பொல்லா வினையேன்'. துயரம் தோய்ந்த அப்பாடலைப் பற்றி அன்பர்கள் பேசும்போது, 'கண்ணீரை அடக்க முடியவில்லை' என்ற ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர்.

அக்கண்ணீரை நாம் ஐயுறவில்லை. ஆனால் அது எதற்காகச் சிந்தப்படுகிறது என்று கேட்பது திறனாய்வின் கடமை. இசையின் இனிமைக்காகவா? இசையமைத்தவர் மீதுள்ள பற்றினாலா? சொந்த வாழ்வின் சலிப்பினாலா? அன்றி, பாடல் தன் வாயால் சொல்லும் காரணத்துக்காகவா? இந்நான்கும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

இப்படைப்பு நமக்கு அயலானதன்று. இதனை உருவாக்கி வெளியிட்டது தமிழ் மையம். அதனை நடத்தியவர் கத்தோலிக்கக் குருவும், மணிலா வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியில் இருந்தவருமான அருள்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, அமெரிக்கக் கவிஞர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் ஆங்கில வரிகளை எழுதினார். மக்கள் இதனைச் 'சிம்பொனி' என்று வழங்கினாலும், இதன் உண்மையான வடிவம் ஓரட்டோரியோ ஆகும். நாடக மேடையும் வேடமும் இன்றி, சமயப் பொருள்கொண்ட சொற்களைக் குரல்களும் இசைக்கருவிகளும் சேர்ந்து எடுத்துரைக்கும் வடிவம் அது. பதினாறாம் நூற்றாண்டில் உரோமை நகரில் புனித பிலிப்பு நேரி மக்களைக் கூட்டிச் செபமும் பாடலும் நடத்திய செபக்கூடத்திலிருந்தே அதற்கு அப்பெயர் வந்தது. ஆக, சைவத் திருமுறை ஒன்று, திருச்சபையின் செபக்கூடத்தில் பிறந்த இசைவடிவத்தை ஏற்று நம்மிடம் வந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். தவக்காலத்தில் நம் கடற்கரைப் பங்குகளிலும் ஈழத்துப் பங்குகளிலும் வாசிக்கப்பட்டுவரும் 'வியாகுலப் பிரசங்கம்' என்னும் நூலை இயற்றிய சாங்கோபாங்க சுவாமிகள் எனும் யாக்கோமே கொன்சால்வெஸ் (1676-1742), அதே பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய கோவைச் செபக்கூடச் சபையைச் சேர்ந்தவர். கோவா மண்ணின் பிள்ளை. இயேசுவின் பாடுகளைக் கேட்டு அழுவதற்குத் தமிழ்க் கத்தோலிக்கரைப் பழக்கியவர் அவர். ஆகவே பக்திக் கண்ணீர் நமக்குப் புதிதன்று. அப்பிரசங்கத்தைக் கேட்டு அழுத நம் முன்னோர், வாசித்தவரின் குரல்வளத்தைப் பாராட்டுவதோடு வீடு திரும்பவில்லை. ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சென்றனர். கண்ணீருக்குப் பின் அவர்கள் செய்வதற்கு ஒரு செயல் இருந்தது.

இப்பாடலின் அன்பர்கள் யார்? நாம் பணியாற்றும் இந்த மேற்குப் புறநகரில் அவர்களைத் தேட வேண்டியதில்லை. 1964இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துத் திரும்புவோர், ஆவடியிலிருந்து விடியற்காலை மின்சார இரயிலில் நின்றுகொண்டே நகரம் செல்வோர், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் பேருந்துக்குக் காத்திருப்போர் எனப் பலரும் காதில் இயர்போன் செருகி இதனைக் கேட்கின்றனர். வீட்டுக் கடனும், பிள்ளையின் கல்விக் கட்டணமும், மூட்டுவலியும் கூடிய வாழ்க்கை அவர்களுடையது. 'கேட்டு முடித்தால் மனம் இலேசாகிறது' என்கின்றனர். இதனைக் குறைவாக மதிப்பிட நமக்கு உரிமையில்லை. இலாசரின் கல்லறை முன் ஆண்டவரும் அழுதார் அன்றோ?

எனினும், அவர்களது சலிப்பும் பாடலின் துயரமும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதைக் காணவேண்டும். இப்பாடலின் சொற்கள் திருவாசகத்தின் முதற்பகுதியாகிய சிவபுராணத்தைச் சார்ந்தவை. தொண்ணூற்றைந்து அடிகள் கொண்ட அச்செய்யுளில், புல் முதல் தேவர் ஈறாகத் தாம் எடுத்த பிறவிகளையெல்லாம் அடுக்கிச் சொல்லி, இறுதியில் 'இளைத்தேன்' என்கிறார் மாணிக்கவாசகர். அந்த ஒரு சொல்லில்தான் இரவுப்பணித் தொழிலாளியும் அடிகளாரும் சந்திக்கின்றனர். ஆனால் தொழிலாளியின் இளைப்பு ஓர் உறக்கத்தில் தீரலாம். அடிகளாரின் இளைப்பு உறக்கத்தால் தீராதது. இறைவனை விட்டு அகன்று திரிந்ததால் வந்த இளைப்பு அது. பாண்டியனின் அமைச்சராய் இருந்து, குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொருளைத் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டவர் என்று மரபு அவரைப் பற்றிக் கூறுகிறது. பதவியும் பொருளும் தீர்க்காத களைப்பு ஒன்று உண்டு என்பதை அறிந்தவர் அவர்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்து, அவற்றுள் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், பண்டைய நிலை கெடுதல், இல்லாமை என்பன அவை. நம் வாழ்க்கையின் அழுகை பெரும்பாலும் இந்நான்கில் அடங்கிவிடும். ஆனால் 'பொல்லா வினையேன்' என்பவரின் அழுகை எதில் அடங்கும்? அவரை யாரும் இகழவில்லை. தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்கிறார். அவர் எதையும் இழந்து அழவில்லை. தகுதியின்றிப் பெற்றுவிட்டதை எண்ணி அழுகிறார். பெற்ற அன்பு பெரிது, தாம் சிறியவர் என்ற அறிவே அவரை உருக்குகிறது. பக்தி இலக்கியம் தமிழ் அழுகைக்குச் சேர்த்த ஐந்தாவது நிலைக்களன் என்று இதனைச் சொல்லலாம் எனத் தோன்றுகிறது. அன்பர்கள் பலர் முதல் நான்கின் பொருட்டு இப்பாடலிடம் வருகின்றனர். பாடலோ அவர்களை ஐந்தாவதை நோக்கி அழைக்கிறது. அந்த அழைப்பு கேட்கப்படுகிறதா என்பதே நம் வினா.

இளையராஜா இதனை உணர்ந்தே அமைத்திருக்கிறார் என்பதற்குச் சான்று உண்டு. சிவபுராணத்தில் வாழ்த்தும் போற்றியும் முதலில் வருகின்றன. அதன் பின்னரே, புகழும் வகை அறியேன் என்று அடிகளார் தம் சிறுமையை அறிக்கையிடுகிறார். இசையமைப்பாளரோ அந்த அறிக்கையை எடுத்துத் தொடக்கத்தில் வைத்தார். நம் திருப்பலி முறை போன்றதே இவ்வொழுங்கு. அங்கும் முதலில் பாவ அறிக்கை, பிறகே 'உன்னதங்களிலே'. ஆகவே, தொடக்கத்தின் சோகத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துபவர், பாவ அறிக்கை முடிந்ததும் கோயிலை விட்டு வெளியேறியவரை ஒப்பர். துயரம் துதியாக மாறுவதை அவர் கேட்கவே இல்லை.

குரலைப் பற்றியும் ஒரு சொல். தேர்ந்த சாஸ்திரிய வித்துவானோ, பண்ணோடு ஓதும் ஓதுவாரோ பாடியிருக்கலாம் என்று வருந்துவோர் உண்டு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில், சுந்தரரின் பதிகம் பெற்ற தலம். இத்தகைய பாடல்பெற்ற தலங்களின் மரபில் திருமுறை கேட்டுப் பழகிய செவிக்கு, மேலைநாட்டு வயலின்களின் பெருக்கு வேற்றொலியாகத் தோன்றுவது இயல்பே. அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஓதுவாரின் இசையில் சொல் முன்னிற்கிறது, இங்கோ சில இடங்களில் இசைக்குழுவின் அலை சொல்லை மூடிவிடுகிறது. ஆனால் இளையராஜா தம் குரலிலேயே பாடியது பிழையன்று என்பது நம் துணிபு. மெருகேறாத அக்குரலில் கரகரப்பு உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்பவன் அலங்காரமாகப் பேசினால் யார் நம்புவர்?

ஆங்கில வரிகளைக் குறித்து அன்பர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. உலகத்தார்க்கு ஒரு வாயில் திறக்கப்பட்டதென்று சிலர் மகிழ்கின்றனர். உருக்கம் அறுபடுகிறது என்று சிலர் குறைபடுகின்றனர். நமக்குத் தோன்றும் குறை வேறு. ஆங்கில வரிகள் குறைபாடுள்ள எளிய மனிதனைப் பேசுகின்றன. 'வினையேன்' என்பது அதனினும் கடுமையான சொல். 'நான் குறையுள்ளவன்' என்பவன் தன் இயல்பைக் கூறுகிறான். 'வினையேன்' என்பவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்கிறான். முன்னதைச் சொல்ல வெட்கம் வேண்டியதில்லை. பின்னதைச் சொல்ல மனம் நொறுங்க வேண்டும்.

யோவான் செபஸ்தியான் பாக் 1727இல் லைப்சிக் நகரில் வழங்கிய மத்தேயு பாடுகளின் இசையில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. தம்மைக் காட்டிக்கொடுப்பவன் பந்தியில் இருக்கிறான் என்று இயேசு கூறச் சீடர் ஒவ்வொருவரும் நானோ, நானோ என்று வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடையாகப் பாக் வைப்பது சபையாரின் எளிய ஞானப்பாடல் ஒன்று. குற்றவாளி நானே என்று அது ஒப்புக்கொள்கிறது. யூதாசின் கதையைக் கேட்க வந்தவர் தம் கதையைக் கேட்டுத் திரும்புகிறார். 'பொல்லா வினையேன்' என்பதும் தன்மை ஒருமைச் சொல்லே. அதனைப் பாடுபவர் இளையராஜா, எழுதியவர் மாணிக்கவாசகர் என்று நாம் விலகி நின்றால், வேறொருவரின் பாவ அறிக்கையை ஒட்டுக்கேட்டவராவோம்.

இரசிக மனப்பான்மையின் இடர் இங்கேதான் இருக்கிறது. 'ராஜா அழவைத்துவிட்டார்' என்ற வியப்பில், தன்னை அழித்துக்கொள்ளும் பாடல் ஒருவரைப் போற்றும் மேடையாகிவிடுகிறது. அழ முடிந்த தம் மென்மையைத் தாமே மெச்சிக்கொள்வதும் உண்டு. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் ஏழாம் அதிகாரத்தில் இருவகை மனவருத்தங்களைப் பிரித்துக் காட்டுகிறார்: மனம் மாறச்செய்து மீட்புக்கு இட்டுச்செல்வது ஒன்று, சாவுக்கு இட்டுச்செல்வது மற்றொன்று. 1551இல் திரிதெந்தின் பொதுச்சங்கமும், தண்டனைக்கு அஞ்சும் வருத்தத்தையும் அன்பினால் எழும் வருத்தத்தையும் வேறுபடுத்திற்று. இரண்டாவதைத்தான் நம் பாட்டிமார் 'உத்தம மனஸ்தாபம்' என்றனர். அதன் அளவுகோல் கண்ணீரின் அளவன்று. பின்னர் நிகழும் திரும்புதல். பகைத்த அண்ணனிடம் பேசினோமா, ஏமாற்றிய கூலியைக் கொடுத்தோமா என்பவையே அதன் அடையாளங்கள்.

மாணிக்கவாசகரைக் கிறிஸ்தவராக்கிவிட நாம் முயலவில்லை என்பதையும் தெளிவுறுத்த வேண்டும். வினை என்பது நம் பாவம் என்ற கோட்பாட்டோடு முற்றும் ஒத்ததன்று; பல பிறவி என்ற கொள்கையை நாம் ஏற்பதில்லை. இவ்வேறுபாடுகளை மறைப்பது அவருக்கும் நமக்கும் செய்யும் அநீதி. எனினும், பிற சமயங்களில் உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிக்கையிட்டது. சங்கத்துக்கு நெடுநாள் முன்பே, ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவான ஜி.யு.போப், தம் எண்பதாம் வயதில், 1900ஆம் ஆண்டு, திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். கொள்கையில் வேறுபட்டவரும் அந்நூலின்முன் மனம் கனிந்திருக்க முடியும் என்பதற்கு அவரே சான்று. பூவிருந்தவல்லித் திருஇருதயக் குருமடத்தில் இறையியல் பயின்ற நம் போன்றோர் நூல்களில் கற்ற மனஸ்தாபத்தை, சைவ அடியார் ஒருவர் நெஞ்சத்தின் மொழியில் நமக்குச் சொல்கிறார்.

ஆகவே இப்பாடலை நேசிக்கும் அன்பர்களுக்கு நாம் வேண்டுவது சிறிதே. பாதியில் நிறுத்தாமல் இருபது நிமிடமும் கேளுங்கள். ஒருமுறையேனும் சிவபுராணத்தைக் கையில் வைத்துச் சொல்லைத் தொடர்ந்து செல்லுங்கள். 'வினையேன்' என்ற சொல் வரும்போது உங்கள் வினை ஒன்றை, பெயர் சொல்லி, நினைவுகூருங்கள். அப்போது கண்ணீர் வராமலும் போகலாம். அதனால் குறைவில்லை. உருகாமல் திரும்பியவருக்கும் தந்தையின் வீட்டில் விருந்து உண்டு. உருகியும் திரும்பாதவர் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்.