தாகத்தோடு வந்த பிணம்: ‘சௌயின்’ என்னும் பெயரும் நம் கல்லறைத் திருநாளும்

நவம்பர்த் திங்களின் முதல் இரு நாள்கள் புதுவை மண்ணில் பல நினைவுகளைச் சேர்த்துச் சுமப்பவை. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிவுற்றது. அந்நாளே, ‘துசேன்’ என்று பிரெஞ்சு மொழியில் வழங்கும் புனிதர் அனைவர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாள்; மழைக்காலத்து ஈரமண்ணில் மெழுகுவத்திகள் எரிய, சாமந்தியின் மணம் கமழ, நாம் நம் முன்னோரைத் தேடிச் செல்லும் நாள். அண்மைக் காலமாக இவற்றுக்கு முந்திய இரவும் நம் இல்லங்களுக்குள் நுழையத் தொடங்கியுள்ளது. அக்டோபர் 31ஆம் நாள் ‘ஹாலோவீன்’ என்று சொல்லிப் பிள்ளைகள் பேய் முகமூடி அணிகின்றனர்.

இதனையொட்டி இருவகைப் பேச்சுகள் எழுகின்றன. “கல்லறைத் திருநாள் கெல்ட்டியரின் பழைய விழாதான்; திருச்சபை அதற்குப் புதுப்பெயர் சூட்டிவிட்டது” என்பது ஒன்று. “அவ்விழாவின் சாயல்கூட நம்மீது படலாகாது” என்று அஞ்சுவது மற்றொன்று. இரண்டும் எதிரெதிர்க் கட்சிகளாகத் தோன்றினும் பிழை ஒன்றே: ஒரு பெயரின் வேரைக் கண்டுவிட்டால் அதன் பொருளையும் கண்டுவிட்டோம் என்று எண்ணுவது.

பெயரையே முதலில் பார்ப்போம். அயர்லாந்து மக்கள் ‘சௌயின்’ என ஒலிக்கும் இச்சொல், அவர்கள் மொழியில் இன்றும் நவம்பர் மாதத்தின் பெயர். ‘கோடையின் முடிவு’ என்று இடைக்கால உரைகாரர் பொருள் கூறினர். ‘கூட்டம்’ என்னும் பொருளுடைய தொல்சொல்லே அதன் வேர் என்பாரும் உளர். 1897இல் பிரான்சின் கொலிஞ்ஞி என்னும் ஊரில் கிடைத்த வெண்கல நாள்காட்டியில் ‘சமோனியோஸ்’ என்னும் மாதப்பெயர் காணப்படுகிறது. சௌயின் என்பது ஒரு மரண தேவதையின் பெயர் என்று பலர் எழுதுவது பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த தவறு. பழைய நூல்கள் காட்டும் சௌயின், மேய்ச்சல் நிலத்திலிருந்து மந்தைகள் திரும்பிக் குளிர்காலம் தொடங்கும் வேளை. அரசரும் மக்களும் கூடி விருந்துண்ணும் வேளை. ‘ஹாலோவீன்’ என்பதோ ‘புனிதர் அனைவர் விழாவின் முந்திய மாலை’ எனப் பொருள்படும் கிறித்தவப் பெயரே.

திருவிழா வரலாறும் அவர்கள் சொல்லுமளவு எளிதன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை நான்காம் போனிஃபாஸ் உரோமையின் பாந்தியோனை மரியாவுக்கும் மறைசாட்சியர் அனைவருக்கும் அர்ப்பணித்த நாள் மே 13. அயர்லாந்தின் பழைய புனிதர் பட்டியலோ ஐரோப்பியப் புனிதர் அனைவரையும் ஏப்ரல் 20இல் நினைவுகூர்ந்தது. நவம்பர் 1 எனும் நாள் 800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் வழக்கிலிருந்து, 835இல் பிராங்கியப் பேரரசெங்கும் பரவியது. சௌயின் விழாவை மறைக்கவே அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டதெனில், அயர்லாந்தல்லவா அதில் முந்தியிருக்க வேண்டும்? இறந்தோருக்காக மன்றாடுவதோ மக்கபேயர் நூலிலேயே காணப்படும் வழக்கம். அதற்கென ஒரு நாளை, நவம்பர் 2ஐ, குறித்தவர் குளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோ.

புதுவைவாசிக்கு இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. நம் பேராலயத்தைச் ‘சம்பா கோவில்’ என்கிறோம். புனித பவுலின் பெயர் மக்கள் நாவில் மருவிச் சம்பாவாயிற்று என்பர். ஆலயமோ அமல உற்பவ அன்னைக்குரியது. அப்பெயரைக் கேட்டுச் சம்பா நெல்லை யாரும் நினைப்பதில்லை. மருவிய பெயரால் அங்கு ஏறெடுக்கப்படும் திருப்பலி மாறிவிடுவதுமில்லை.

அவ்வாறாயின் சௌயின் மரபிலிருந்து நாம் கற்க ஒன்றுமில்லையா? உண்டு. கிறித்தவக் கல்விமரபில் வளர்ந்தோர் ஏட்டிலேற்றிக் காத்த பழைய ஐரிஷ் கதை ஒன்று ‘நேராவின் பயணம்’. சௌயின் இரவில், அய்லில் மன்னனின் அவையோர் வெளியே செல்ல அஞ்சியிருக்க, தூக்கிலிடப்பட்டவனின் காலில் கொடி கட்டிவரத் துணிகிறான் நேரா. பிணம் பேசுகிறது: “தூக்கிலேறியபோது எனக்குத் தாகமாயிருந்தது, என்னைச் சுமந்து செல்.” நேரா சுமக்கிறான். முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு, நுழைய முடியவில்லை. இரண்டாவது வீட்டைச் சுற்றி நீர், அங்கும் இயலவில்லை. மூன்றாவது வீட்டில் கழுநீர் கொட்டப்படாமல் இருக்கிறது. அதைக் குடித்த பிணம், கடைசி மிடற்றை வீட்டார்மேல் உமிழ, அவர்கள் மடிகின்றனர். இரவில் நெருப்பை மூடாமலும் கழுநீரைக் கொட்டாமலும் இருக்கலாகாது என்பது கதைசொல்லி கூறும் பாடம்.

கதையின் ஆற்றல் பெரிது. ஆயினும் அதன் பாடத்தை நாம் அப்படியே ஏற்க இயலாது. ஒழுங்கான வீடுகள் தப்பின, உண்மைதான். ஆனால் அவற்றில் எதுவும் தாகத்தோடு வந்தவனுக்கு ஒரு குவளை நீர் தரவில்லை. அவன் யார், எதற்காகத் தூக்கிலிடப்பட்டான் என்று எவரும் கேட்பதுமில்லை. நேரா அவனை மீண்டும் தூக்குமரத்தில் சேர்த்துவிட்டு மாயமேட்டுக்குள் தன் பயணத்தைத் தொடர்கிறான். கதை அவனை மறந்துவிடுகிறது. கதை நின்ற இடத்தில் நற்செய்தி தொடங்குகிறது. லூக்கா நற்செய்தியின் செல்வரும் இறந்தபின் ஒரு துளி நீருக்கு ஏங்குகிறார். ஆனால் இயேசு அவர் வாயிலருகே கிடந்த இலாசரின் பெயரை முதலில் சொல்கிறார். இறந்தோரின் தாகத்துக்கு விடை, வாழ்வோர் தம் வாயிலில் செய்வதில் இருக்கிறது.

இங்குதான் கெல்ட்டியரைப் பற்றிய விவாதம் நம்மை நோக்கித் திரும்புகிறது. சௌயின் இரவில் இரு உலகங்களுக்கிடையே வாயில் திறக்கும் என்றன அக்கதைகள். நாமோ ஒரே உலகத்தின் நடுவே சுவர் எழுப்பினோம். அன்றைய சம்பா கோவிலில் ஒடுக்கப்பட்ட கிறித்தவரைப் பிரித்து நின்ற சுவர் பற்றி 1745இல் எழுந்த பிணக்கை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரைச் சாதி வாரியாகப் பிரித்த சுவர் நம் காலத்துச் செய்தி. நெருப்பாலும் நீராலும் சூழப்பட்ட அந்த இரு வீடுகள் வேறெங்கும் இல்லை.

முகமூடி அணியும் பிள்ளைகளால் நம் விசுவாசத்துக்கு வரும் தீங்கு சிறிது. ‘புனிதர்களுடைய சமூக உறவை விசுவசிக்கிறேன்’ என்று நாவால் அறிக்கையிட்டு, புதைகுழியருகே அதை மறுப்பதே பெருந்தீங்கு. வரும் கல்லறைத் திருநாளில் நம் குடும்பக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றியபின், அடுத்த வரிசைக்கும் நடப்போம். பெயர் அழிந்த ஏதேனும் ஒரு சிலுவையின் முன் நின்று, அங்கு உறங்குபவர் எக்குலத்தவர் என்று கேளாமல், அவருக்காகவும் ஒரு விளக்கு ஏற்றுவோம்.