எழிலியும் கடலும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறியும் இறங்கியும் செல்லும் பண்டங்களுக்கு, முகில் முகந்த நீர் மலைமேற் பொழிதலையும், அந்நீர் கடலிற் பரத்தலையும் பட்டினப்பாலை உவமை கூறும். திருக்குறளின் 17ஆம் பாவும் இதனையே கூறுவதாகக் கொள்ளுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. முகில் தான் முகந்த நீரைக் கடலின்கண் பெய்யாதொழியின் கடலும் தன் இயல்பு குன்றும் என்பதே பரிமேலழகர் கண்ட பொருள். ஈண்டு மலையும் ஆறும் இல. கடலும் எழிலியுமே உள.

இவ்வேறுபாட்டின் அருமையை இன்றைய வளியியல் புலப்படுத்தும். கடலினின்று ஆவியாகும் நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு கடலிலேயே மழையாய் விழுகின்றது. வெப்பமண்டலக் கடல்மேல் உலர்ந்த காற்றிடையே எழும் முகில், அக்காற்றுக் கலத்தலால் வளராது கரையும். கரையுங்கால் தன் ஈரத்தை அக்காற்றுக்கே ஈந்து செல்லும். அவ்வீரமே பின்னெழும் முகிலை ஓங்கச் செய்யும். கொள்ளலும் கொடுத்தலும் கடல்மீதே நிகழ்தல் காண்க.

வள்ளுவர் வளியியல் உரைத்தார் என்பது நம் கருத்தன்று. கடலும் மழையை வேண்டி நிற்பது என்னும் அவர் நோக்கு, துறைமுக மாந்தரின் நோக்கினும் வேறு என்பதே நாம் கூறவந்தது.

பட்டினப்பாலை உவமையும் குறைந்ததன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வங்கக் கடலினின்று முகந்து பொழிந்த நீர், சென்னைத் துறைமுகத்திற்கு அணித்தாகிய புளியந்தோப்பில் வடியாது தெருக்களிலே தேங்கிற்று. உவமையின் முற்பாதியை முகில் முடித்தது. பிற்பாதிக்கு வழிவிடுதல் மக்கள் கடனாம்.