தொழவைக்க ஆளில்லாத சமவெளி

கொடைக்கானல் மலையில் அட்டுவம்பட்டியிலுள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைக் கடக்கும்போதெல்லாம், கிர்கீஸிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் அல்தினாய் நினைவுக்கு வருகிறாள். 'முதல் ஆசிரியன்' (1962) குறுநாவலின் அநாதைச் சிறுமி அவள். இரண்டாந்தாரமாக வலிந்து அனுப்பப்பட்டு, ஆசிரியர் தூய்ஷேனால் மீட்கப்பட்டுப் பேரறிஞராக உயர்கிறாள். மலிவு விலைச் சோவியத் வெளியீடாகத் தமிழில் அதைப் படித்துக் கண்கலங்கியோர் நம்மிலும் உண்டு.

ஆயினும் அக்கதையில் ஒரு குறை உண்டு. அல்தினாயை விற்றது ஊர் வழக்கம், மார்க்கமன்று. அப்பகுதியினர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்த பெண்ணின் சம்மதமின்றி நிக்காஹ் நிறைவேறாது. வழக்கத்தையும் தீனையும் பிரித்துக் காட்டாததால், பழமை முழுவதும் கல்விக்குப் பகையென்றே வாசகர் முடிவுகட்ட நேர்கிறது.

இக்குறையை ஐத்மாத்தவே பின்னர் உணர்ந்தார் போலும். 1980இல் வெளியான, நூற்றாண்டினும் நீண்ட ஒரு நாளைப் பற்றிய நாவலில், கஸாக் சமவெளியின் ரயில்வே தொழிலாளி எதிகேய் தன் நண்பரின் ஜனாஸாவை மூதாதையர் மையவாடிக்கு எடுத்துச் செல்கிறார். விண்வெளித் தளத்தின் முள்வேலி வழிமறிக்கிறது. அதைவிடக் கொடியது இன்னொன்று: உடன்வந்த இளைஞர்களுக்குத் துஆ தெரியாது. நாளை ஒருவரையொருவர் எப்படி அடக்கம் செய்வார்கள் என்று அவர் கலங்குகிறார். ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவரேனும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகள். அந்தச் சட்டத்தின் கனத்தை இதைவிட அழுத்தமாகச் சொன்ன நவீனப் புனைவு அரிது.

1991இல் கஸகஸ்தான் தனிநாடாயிற்று, பள்ளிவாசல்கள் பெருகின. ஆனால் 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாட்டை மதச்சார்பற்றதென்று அறிவித்தது; 2016ஆம் ஆண்டுப் பள்ளிச் சீருடை விதி சமய அடையாள ஆடைகளை விலக்கியது. பெண்ணைப் பள்ளிக்கு அழைத்துவரவே தூய்ஷேன் போராடினார். முக்காட்டைக் காரணங்காட்டி அவளை வாசலில் நிறுத்தும் விதி, அவருடைய உழைப்பையே மறுக்கிறது. 2022இல் கர்நாடகத்தில் நாம் கண்டதும் இதுவே.

அதேவேளை, மார்க்கத்தின் பெயரைச் சொல்லி மகளின் படிப்பை நிறுத்தும் தகப்பனும் அவளை அதே வாசலில்தான் நிறுத்துகிறான். ஐத்மாத்தவின் இரு நூல்களையும் சேர்த்துப் படிப்போர்க்கு இது புலப்படும்: அல்தினாய்க்குப் பள்ளியும் வேண்டும், எதிகேய்க்குத் தொழவைக்க ஆளும் வேண்டும். ஒன்றைத் தருவதற்கு மற்றொன்றை விலையாகக் கேட்கும் உரிமை அரசுக்குமில்லை, நமக்குமில்லை.