நிலைத்த தூணும் மாறும் எழினியும்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ச் சூழலில் சமகாலக் கலைக்காட்சி வெளி

ஆய்வுச் சுருக்கம்

சமகாலக் கலைக்காட்சிக்கான தகவமைக் கட்டடக்கலை, பெரும்பாலும் தூணற்ற, வெறுமையான, நகரும் சுவர்களைக் கொண்ட கூடமாகவே கருதப்படுகிறது. இக்கருத்து போதாது என்பதைச் சிலப்பதிகார அரங்கமைதி, பரிபாடல் ஓவியக்காட்சி ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களின் மூவகைக் கட்டடங்கள் இதற்குக் களமாகின்றன.

திறவுச்சொற்கள்: தகவமைவு, எழினி, எழுத்துநிலை மண்டபம், வடக்கொளி, மறுபயன்பாடு.

முன்னுரை

1976இல் பிரையன் ஓ’டோஹர்ட்டி எழுதிய கட்டுரைகள், வெண்சுவர் கொண்ட காட்சிக்கூடம் நடுநிலையானதன்று என்பதைத் தெளிவாக்கின. அக்கூடம் படைப்பைக் காலத்திலிருந்தும் இடத்திலிருந்தும் பிரித்துவிடுகிறது என்பது அவர்தம் வாதம். ஆயினும், பழைய கட்டடமொன்றைக் கலைக்கூடமாக மாற்ற முனைவோர் இன்றும் முதலில் செய்வது தூண்களைப் பலகையால் மூடுவதும் பொய்க்கூரை அமைப்பதும் சுவருக்கு வெள்ளையடிப்பதுமே. இதனைத் தகவமைவு எனல் தகுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

வரம்பற்ற நெகிழ்வின் தோல்வி

1977இல் பாரிசில் திறக்கப்பட்ட பொம்பிடு மையம், தூண்களற்ற தளங்களையும் இடம்பெயர்க்கத்தக்க தடுப்புகளையும் கொண்டு எழுந்தது. எதுவும் எங்கும் அமையலாம் என்பது அதன் கொள்கை. ஆனால் 1985இல் கே அவுலெந்தி அதன் நவீனக் கலைத் தளத்தை நிலையான அறைகளாக வகுத்தமைத்தார். எல்லாவற்றுக்கும் இடம்தரும் வெளி, எந்தப் படைப்புக்கும் உரிய அளவையும் அணுக்கத்தையும் தாராது போகலாம் என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது. கொச்சியின் ஆஸ்பின்வால் வளாகம் இதற்கு மறுதலை. கிடங்குகளாகவும் அலுவலகங்களாகவும் இருந்த அதன் கட்டடங்கள், 2012 முதல் கொச்சி-முசிறி இருபதாண்டுக் கலைவிழா என்று பிழைபடக் கூறாது, ஈராண்டுக் கலைவிழா என்றே குறிக்கத்தக்க நிகழ்வுக்குத் தம் பழஞ்சுவர்களுடனேயே இடமளித்து வருகின்றன.

தமிழ் இலக்கியம் தரும் அளவுகோல்

அரங்கேற்று காதை, ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்ட அரங்கைக் கூறுகிறது. ஒருகோல் 24 விரல் அளவினது. இவ்வளவுகள் நிலையானவை. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளோ மாறுபவை. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கு அமைக்கப்படுகிறது. இங்குத் தூண் குறையெனக் கொள்ளப்படவில்லை. ஒளியே தூணுக்கேற்பத் திருத்தப்படுகிறது.

பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தில் மக்கள் ஓவியங்களைச் சுட்டி வினவுவதையும் அறிந்தோர் விளக்குவதையும் காட்டுகிறது. காண்போர் நின்று உரையாடும் இடமும் காட்சிவெளியின் உறுப்பே என்பது இதனால் பெறப்படும்.

கூத்தரங்கையும் வழிபாட்டிடத்து ஓவியத்தையும் சமகாலக் கலைக்கு அளவுகோலாக்குவது காலமுரண் எனலாம். இந்நூல்களைக் கட்டட விதிகளாக இக்கட்டுரை கொள்ளவில்லை. நிலைத்த கூறு, மாறும் கூறு, ஒளி, காண்போர் என்னும் நான்கினைப் பிரித்தறியும் கருவியாகவே கொள்கிறது.

மூவகைக் கட்டடங்கள்

முதலாவது அரண்மனை. திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் (1623–1659) பெயர் தாங்கிய அரண்மனை உள்ளது. மதுரை அரண்மனை 1970 வரை நீதிமன்றமாக இயங்கிப் பின்னர்ப் பாதுகாக்கப்பட்ட சின்னமானது; நாயக்கர் காலக் கட்டுமானம் பயன் மாற்றத்தைத் தாங்கவல்லது என்பதற்கு அது சான்று. எனினும் சுதைப்பூச்சுச் சுவரில் துளையிடுதல் கூடாது. சாவோ பாவுலோ கலை அருங்காட்சியகத்திற்கு லீனா போ பார்தி அமைத்த, கற்காரை அடிக்கட்டையில் நிற்கும் கண்ணாடித் தாங்கிகள் (1968) இங்கு வழிகாட்டும். சுவரைத் தொடாமல் ஓவியத்தை நிறுத்தும் அவை, எழினியின் பணியைச் செய்பவை.

இரண்டாவது இல்லம். சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கிய பூ. ச. குமாரசுவாமி ராஜா (1898–1957), இராசபாளையத்தில் தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்திற்கு வழங்கினார். இக்கொடையில் கட்டடத்தின் உருவத்தினும் உரிமை முதலில் மாறியது. குடும்ப வாயில் பொதுவாயிலாவதும் தகவமைவே. இல்லமொன்றின் அறைகள் பெருநிறுவல் கலைக்குப் பொருந்தா. சிற்றோவியம், நிழற்படம், அச்சோவியம் ஆகியவற்றின் அணுக்கத்திற்குப் பொருந்தும். அறைச்சுவர்களை இடித்துக் கூடமாக்கின் அவ்வணுக்கம் இழக்கப்படும்.

மூன்றாவது ஆலைக்கூடம். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லை நிறுவியது முதல் நூற்பாலைத் தொழில் இவ்வூரின் முகமாயிற்று. நூற்பாலைகளுக்குரிய மரபான வாள்பற்கூரை, வடக்கு நோக்கிய கண்ணாடி வழியே ஒளியைப் பெறுவது. ஐரோப்பாவில் இது நேர்வெயில் படாத சீரொளி. இராசபாளையமோ ஏறத்தாழ 9.5 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்டு இறுதி வரை நண்பகல் ஞாயிறு உச்சிக்கு வடக்கே நிற்கிறது. சூன் 21 அன்று அவ்விலக்கம் சுமார் 14 பாகை. எனவே வடக்கொளி என்னும் இரவல் விதி ஆண்டின் நான்கு திங்களுக்கு மேல் இங்குச் செல்லாது. துணி, தாள் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் ஒளியே பரிந்துரைக்கப்படும் நிலையில் இது சிறு செய்தியன்று. மேலும், திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்திற்கு மக்கள் பெருந்திரளாகக் கூடும் காலமும் இதுவே. காண்போர் மிகும் பொழுதில் ஒளியும் மிகும். கண்ணாடியை நிலையாக மூடிவிடுவது வெண்கூட வழி. பருவந்தோறும் இழுத்துக் கட்டத்தக்க துணித்திரை எழினி வழி.

முடிவுரை

இருள் வேண்டும் நிகழ்பட நிறுவல்களுக்கும் பேரளவுச் சிற்பங்களுக்கும் இக்கட்டடங்கள் முழுதும் ஈடுகொடுக்கும் எனல் மிகையாகும். ஒரே கட்டடம் எல்லாக் கலைக்கும் இசைய வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே பிழையானது. அரண்மனை, இல்லம், ஆலை என்னும் மூன்றும் அண்மை ஊர்களில் அமைந்திருக்க, ஒவ்வொன்றுக்கும் உரிய கலையை அதனதனிடம் சேர்ப்பிப்பதே பொருத்தம். தூணை மறைத்துப் பெறும் வெறுமை எவ்வூரிலும் கிடைக்கும். தூணை நிறுத்தி விளக்கை இடம்மாற்றும் அறிவைச் சிலப்பதிகாரம் முன்னரே பதிவுசெய்துள்ளது. மறுபயன்பாட்டுத் திட்டங்களை மதிப்பிடுவோர், எவ்வளவு மாற்றப்பட்டது என்பதோடு எது மாற்றப்படாமல் விடப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும்.