கேட்பதை நிறுத்தாத குரல்: சுந்தரரின் கண்ணிழப்புப் பதிகங்களில் துயரும் நம்பிக்கையும்

ஆய்வுச்சுருக்கம்

சுந்தரர் கண்ணிழந்த நிலையில் பாடிய பதிகங்கள் பெரும்பாலும் தோழமை நெறியின் உரிமைப்பேச்சாகவே விளக்கப்பட்டு வருகின்றன. அவ்விளக்கம் பாடல்களிலுள்ள துயரைக் குறைத்துக் காட்டுகிறது என்பதும், அவற்றில் வெளிப்படும் நம்பிக்கை ஆறுதலில் அன்றி, மீட்க இயலாத அடிமை உறவில் வேர்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சுந்தரர், ஏழாம் திருமுறை, அடிமை, முறையீடு, கையறவு

துன்பத்தில் இறைவனைப் பற்றிக்கொள்ளுதல் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருபவர் திருநாவுக்கரசர். சூலைநோய், நீற்றறை, கல்லோடு பிணைத்துக் கடலில் இடப்பட்டமை ஆகிய அனைத்திலும் அஞ்சாமையே அவர் வரலாற்றின் மையம். சுந்தரரிடம் அத்தகைய அஞ்சாமையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவர் அழுகிறார், அவமானத்தால் குன்றுகிறார், கடவுளிடம் கணக்குக் கேட்கிறார். எனினும் அவரை நம்பிக்கை இழந்தவர் எனக் கூற இயலாது. அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என மகிழமரத்தடியில் சூளுரைத்தவர், ஆரூர் நினைவால் ஊரெல்லையைக் கடந்தபோது இருகண்களையும் இழந்தார் என்பது ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் சேக்கிழார் கூறும் வரலாறு. பதிகங்களை நிரல்படுத்தி ஒரு பயணமாக்கித் தருவது இந்த 12ஆம் நூற்றாண்டுக் காப்பியமே. ஆயினும் கண்ணிழப்பு, சங்கிலியார், ஊன்றுகோல், திரும்பக் கிடைக்காத மற்றைக் கண் ஆகியவை பதிகங்களுக்குள்ளேயே பேசப்படுகின்றன. ஆதலின் இத்துயரைப் புராண ஆசிரியரின் புனைவு என ஒதுக்கிவிட இயலாது.

திருவொற்றியூர்ப் பதிகத்தில் (7:54) ஒரு பாடல் தனித்த கவனத்திற்குரியது. வீட்டிலுள்ள பெண்டிர், தாம் ஏதேனும் சொன்னால் குருடன் என இகழ்ந்து விரட்டுவதைத் தாங்க முடியவில்லை என்கிறார் புலவர். சமயப் பாடலில் இத்தகைய வரி அரிது. கண்ணிழப்பு இங்கு வினைப்பயனின் குறியீடு அன்று. ஒரு மனிதன் தன் இல்லத்திலேயே மதிப்பிழக்கும் நிலை. அதே பாடலில் இறைவன், மக நாளில் புகுந்த சனியாகத் தமக்கு வாய்த்துவிட்டதாகவும் கூறுகிறார். அன்பு விளிகளும் இச்சொல்லும் ஒரே பாடலில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மற்றொரு பாடலில், மூன்று கண் உடையவன் அடியவன் கண்ணைப் பறிப்பதுதான் முறை என்றால் ஊன்றுகோலாவது தருக என வேண்டுகிறார். கண் கேட்க வேண்டியவர் கோல் கேட்கும் அளவுக்கு இறங்கிவிட்டார். தவறிழைப்பினும் தாம் திருவடிக்கு அடிமையே என்று அவர் கூறுவதும் இப்பதிகத்தில்தான். தவறு உறவை முறிப்பதில்லை என்னும் இந்நிலைப்பாடே பின்வரும் பதிகங்களுக்கெல்லாம் அடித்தளம்.

திருவெண்பாக்கத்தில் (7:89) கோல் கிடைக்கிறது. பிழை பொறுப்பாய் என்று நம்பியே பிழைத்தேன், நீயோ பழிக்கு அஞ்சாது கண்ணை மறைத்தாய் என்று தொடங்கி, கோயிலினுள் இருக்கின்றாயா எனக் கேட்கிறார். பார்வையற்றவர் வாயிலில் நின்று கேட்கும் இக்கேள்வியை அணியாகக் கொள்ள வேண்டியதில்லை. அது நேர்ப்பொருளிலேயே போதிய வலியுடையது. இருக்கிறோம், செல்லுங்கள் என்பது விடை. கடைக்காப்பு நீங்கலாகப் பாட்டுத்தோறும் இவ்விடையே திரும்ப வருகிறது. அடியவர் ஒருமையில் நெருங்கிப் பேச, இறைவன் மதிப்புப் பன்மையில் மறுமொழி தருகிறான். தமிழில் நெருங்கியவர் திடீரெனப் பன்மைக்கு மாறினால் அது மரியாதையாக மட்டும் ஒலிப்பதில்லை. இருப்பு உறுதிப்படுகிறது, நெருக்கம் மறுக்கப்படுகிறது. துயருற்ற மனம் கடவுளை உணரும் விதத்தை இதனினும் துல்லியமாகக் கூறிய பாடல் தேவாரத்தில் வேறுண்டா என்பது ஐயமே.

கச்சி ஏகம்பத்தில் (7:61) இடக்கண் கிடைத்ததாகச் சேக்கிழார் கூறுவார். அங்குப் பாடியது கண் பெற்ற வியப்பை மட்டுமே பேசும் பதிகம். இக்கட்டுரைக்கு அதன் தேவை ஒன்றே. பாதி அருள் பெற்றபின் புலவர் அமைதியடைந்திருக்க வேண்டும் என்றே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அதன்பின் ஆரூரில் பாடிய பதிகமே (7:95) எல்லாவற்றினும் கடுமையானது. ஒரு கண்ணைத் தர இயன்றவன் மற்றொன்றை மறுக்கும்போது இயலாமை என்னும் காரணம் அகன்றுவிடுகிறது. எஞ்சுவது மனமின்மை. கேள்வியும் அதற்கேற்பக் கூர்மையடைகிறது.

ஆரூர்ப் பதிகம், பிறரை நாடாது மீளா அடிமைப்பட்டு, மூளாத தீயைப் போல் உள்ளே கனலும் அடியார் அனைவரின் குரலாகத் தொடங்குகிறது. அவர்கள் துன்பத்தைச் சொல்லியும் இறைவன் வாளாவிருந்தால், நன்றாக வாழ்ந்து போங்கள் என்பதே மகுடத்தின் கருத்து. இப்போது மதிப்புப் பன்மையில் பேசுபவர் அடியவர். செல்லுதற்பொருள் தரும் வினையும் முன்னிலைப் பன்மையும் வெண்பாக்கத்தில் கேட்டவையே. அவை இங்குத் திசைமாறித் திருப்பித் தரப்படுகின்றன.

இரண்டாம் பாடலில் வாதம் வழக்கு மொழியைக் கைக்கொள்கிறது. என்னை விற்றுக்கொள்ளலாம், நான் ஒற்றிப்பொருள் அல்லேன், விரும்பி ஆட்பட்டவன், குற்றமும் செய்யவில்லை, பின் எதற்காகக் கண்ணைக் கொண்டீர் என்கிறார். பிழையை முன்பு ஒப்புக்கொண்டவர் இங்குக் குற்றமே இல்லை என்பது முரணாகத் தோன்றலாம். விடை ஒற்றி என்னும் சொல்லில் உள்ளது. ஒற்றி வைத்த பொருள் கடன் தீர்ந்தால் மீளும். முழுவுடைமையான ஆள் மீள்வதில்லை. மீளாத ஆளின் நலத்துக்கும் கேட்டுக்கும் உடையவனே பொறுப்பு. திருவெண்ணெய்நல்லூரில் அடிமை ஓலையைக் காட்டி வழக்காடி வென்றவன் இறைவன். அதே உறவைச் சான்றாக்கி இப்போது அடியவர் வழக்காடுகிறார். (தடுத்து ஆட்கொள்ளப்பட்டவர் விரும்பி ஆட்பட்டதாகக் கூறுவதும் எண்ணத்தக்கது.) சூள் பொய்த்த சுந்தரரை நான் குற்றமற்றவராக்க முயலவில்லை, சங்கிலியாரின் இழப்பை இப்பதிகங்கள் எடைபோடவே இல்லை.

அடுத்த பாடலில் முட்டு என்னும் வினையடி நான்கு முறை வருகிறது. அன்றில் தவறாது அடையும் சோலை, கன்று முட்டச் சுரக்கும் பசு, இடையறாது பாடும் அடியார், கண் காணாமல் குன்றில் மோதிக் குழியில் விழுதல் என அச்சொல் பொருள் மாறிக்கொண்டே செல்கிறது. கன்றின் முட்டுதலும் குருடனின் முட்டுதலும் ஒரே சொல்லாவது தற்செயல் அன்று. முட்டுவது பால் பெறும் வழியும் ஆகும். மோதிக்கொண்டிருப்பவன் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறான்.

இவற்றைத் தம்பிரான் தோழரின் செல்லச் சினம் என்றோ, நிந்தையாக அமைந்த துதி என்றோ வகைப்படுத்துவது மரபு. இறுதியில் அது புகழ்ச்சியே என்று முன்கூட்டி அறிந்துகொண்டால் எந்தப் பாடலும் நம்மைத் துன்புறுத்தாது. டேவிட் சுல்மன் 1990இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நூலின் தலைப்பில் வன்தொண்டர் என்னும் பெயரையே முன்னிறுத்தியமை, இக்கடுமையை மென்மைப்படுத்தாமல் வாசிக்க ஒரு தொடக்கம். கைவிட்டவன் முறையிடுவதில்லை. தராவிட்டால் என்னும் நிபந்தனையோடு விடைகொடுப்பவன் இன்னும் வாயிலிலேயே நிற்பவன்.

தேவாரப் பதிகங்களின் கடைக்காப்பு பெரும்பாலும் பாடுவோர்க்குப் பயன் கூறி முடியும். ஆரூர்ப் பதிகத்தின் இறுதிப்பாடலில் அது இல்லை. முக்கண்ணனை விளித்து, உலகறிய என் கண்ணைக் கொண்டீர், பழி உம்முடையதே என்ற குற்றச்சாட்டோடும் அதே மகுடத்தோடும் பாடல் நின்றுவிடுகிறது. வலக்கண் மீண்டதைச் சேக்கிழார் சொல்லித்தான் அறிகிறோம். பதிகம் முடியும் இடத்தில் அது இன்னும் வரவில்லை.